ரொம்ப நாள் தாங்குற காதல்னா என்ன, அது ஆள என்ன பண்ணும்?

எங்க தாத்தாவும் பாட்டியும் 52 வருஷம் ஒண்ணா இருந்தவங்க. திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கிராமம். அவரு பாட்டிய பேர் சொல்லி கூப்ட்டு நான் கேட்டதே இல்ல, "இந்தா"ம்பாரு அவ்ளோதான், பாட்டி பதிலுக்கு "ஏங்க". சாயங்காலம் கரண்ட் போய் திரும்பி வந்துச்சுன்னா அடுப்படிலேர்ந்து பாட்டி "ஏங்க, கரண்ட் வந்துருச்சு"ன்னு ஒரு கொரல் குடுக்கும், திண்ணைல உக்காந்துருக்கவரு "ஆமா ஆமா, வந்துருச்சு"ம்பாரு. தலைக்கு மேல லைட் எரியுது, அது அவருக்கும் தெரியும், அவருக்குத் தெரியும்னு பாட்டிக்கும் தெரியும், அப்புறம் எதுக்கு இந்த சேதின்னு சின்ன வயசுல எனக்கு சிரிப்பா வரும். இதுல காதல்னு ஒண்ணு இருக்குன்னு யாராச்சும் அப்ப சொல்லிருந்தா நம்பிருக்க மாட்டேன். எனக்குத் தெரிஞ்ச காதல்னா பஸ் ஸ்டாப்புல கால் கடுக்க நிக்கிறது, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போன், ப்ளூ டிக் விழுந்தும் பதில் வரலன்னா வயித்தப் பெசையுறது.

இந்த ரெண்டும் ஒரே சாமானா வேற வேற சாமானா? நீடிக்கிற காதலப் பத்தி புதுசா தெரிஞ்சுக்க வர்றவங்க மொதல்ல பிரிச்சுப் பாக்க வேண்டியது இதத்தான். இங்க கொழப்பிக்கிட்டா, கல்யாணமாகி நாலாவது வருஷம் வயித்தப் பெசையலன்ன உடனே "காதல் போச்சு"ன்னு முடிவு கட்டிடுவோம்.

மொதல்ல அந்த வயித்தப் பெசையுற சமாச்சாரம். டோரதி டென்னாவ்னு அமெரிக்காவுல ஒரு சைக்காலஜிஸ்ட், நூத்துக்கணக்கான பேர்கிட்ட அவங்கவங்க காதல் கதைய கேட்டு எழுதிக்கிட்டாங்க. கேட்டு முடிச்சு இதுக்குன்னு ஒரு புது வார்த்தையே உண்டாக்குனாங்க, லிமரன்ஸ்னு, அத விளக்கி 1979ல ஒரு புஸ்தகமும் எழுதுனாங்க. நாம வேண்டாம்னாலும் அந்த ஆளோட நெனப்பு வந்துக்கிட்டே இருக்கும், சும்மா திரும்பிப் பாத்தா கூட அதுக்கு நாலு அர்த்தம் கண்டுபிடிப்போம், குறை எதுவும் கண்ணுல படாது, முக்கியமா "அவங்களுக்கும் நம்ம மேல இருக்கா இல்லையா"ன்னு தெரியாம தவிக்கிற வரைக்கும்தான் அது நல்லா கொழுந்து விட்டு எரியும். தெரிஞ்சு போச்சுன்னா மெல்ல அடங்க ஆரம்பிச்சுரும். பெரும்பாலானவங்களுக்கு ஒன்றரை வருஷத்துலேர்ந்து மூணு வருஷம்ங்கிறது அவங்க போட்ட கணக்கு.

இதுக்கு ஒடம்புல ஆதாரம் இருக்கான்னு இத்தாலில பீசா ஊர்ல டோனடெல்லா மராசிட்டின்னு ஒரு டாக்டர் பாத்தாங்க, 1999ல. புதுசா காதல்ல விழுந்தவங்க 20 பேரு, ஓசிடி நோயாளிங்க, அதாவது ஒரே நெனப்பும் ஒரே செயலும் திரும்பத் திரும்ப வந்து படுத்துற மனநோய் உள்ளவங்க 20 பேரு, ரெண்டும் இல்லாதவங்க 20 பேருன்னு எடுத்து ரத்தத்த சோதிச்சா, மூளைல சேதி கடத்துற செரட்டோனின்ங்கிற வேதிப்பொருள எடுத்துட்டுப் போற ஒரு புரதம் காதல்காரங்களுக்கும் ஓசிடிக்காரங்களுக்கும் ஒரே மாதிரி கம்மியா இருந்துச்சாம். கேட்டு பூட்டிட்டமான்னு பத்து தடவ போய் பாக்குறவரும், அவ ஆன்லைன்ல இருக்காளான்னு பத்து தடவ போன எடுத்துப் பாக்குறவனும் ரத்தத்துல ஒரே ஜாதி! அதே காதலர்கள்ல சில பேர ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் கழிச்சு மறுபடி சோதிச்சப்ப எல்லாம் பழைய நெலைக்கு வந்துருச்சு. ரொம்ப சின்ன ஆராய்ச்சிதான், ஆனா டென்னாவ் சொன்ன கணக்கோட ஒத்துப் போகுது பாருங்க.

சரி, அப்ப மூணு வருஷத்துக்கு அப்புறம் மிச்சம் இருக்கிறது வெறும் பழக்கம்தானா? நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். 2005ல ஹெலன் ஃபிஷர், ஆர்தர் ஆரன், லூசி ப்ரவுன்னு அமெரிக்க ஆராய்ச்சிக்காரங்க சேர்ந்து, புதுசா காதல்ல விழுந்த 17 பேர ஸ்கேன் மெஷினுக்குள்ள படுக்க வச்சு அவங்க ஆளோட போட்டோவக் காட்டுனாங்க. நடு மூளைல வீடிஏன்னு ஒரு சின்ன எடம் இருக்கு, ஆசையத் தூண்டுற டோபமைன்ங்கிற வேதிப்பொருள் அங்கேர்ந்து கெளம்பும், "எனக்கு அது வேணும்"ங்கிற தவிப்புக்கெல்லாம் அதுதான் மோட்டார், அது ஓட ஆரம்பிச்சுது. இதுல ஆச்சரியம் ஒண்ணும் இல்ல. அப்புறம் பியான்கா அசெவெடோன்னு ஒருத்தங்க இந்தக் குழுவோட சேர்ந்து, கல்யாணமாகி சராசரியா 21 வருஷம் ஆனவங்க 17 பேர அதே மாதிரி படுக்க வச்சாங்க. 2012ல வந்த ஆராய்ச்சி. பொண்டாட்டி போட்டோவயோ புருஷன் போட்டோவயோ பாத்ததும் அதே வீடிஏ ஓடுச்சு. ஆனா புதுக் காதல்ல பதட்டத்தோட சம்பந்தப்பட்டு வேலை செய்யுற எடங்க இவங்களுக்கு எரியல, அதுக்குப் பதிலா தாய் புள்ளைய பாக்குறப்ப எரியுற எடங்க சில எரிஞ்சுது. ஆசை அப்படியே இருக்கு, "விட்டுட்டுப் போயிருவாங்களோ"ங்கிற பயம் மட்டும் கழண்டு விழுந்துருச்சு.

ஒண்ணு கவனிங்க, அந்த 17 பேரும் "எனக்கு இன்னும் தீவிரமா காதல் இருக்கு"ன்னு தானா சொல்லி வந்தவங்க. அதனால எல்லா வீட்லயும் இப்படித்தான்னு இத வச்சு அடிச்சு விட முடியாது. இப்படி இருக்க முடியும், அது சினிமாக்காரன் பொய் இல்ல, அந்த அளவுக்குத்தான் இது சாட்சி.

ஒடனே அடுத்த கேள்வி வரும், ரொம்ப வருஷம் ஒண்ணா இருந்துட்டா அது காதல்தானா? இல்லவே இல்ல. எங்க பாட்டிக்கு ஒரு அக்கா, எங்களுக்குப் பெரிய பாட்டி, அவங்களும் அவங்க வீட்டுக்காரரும் நாப்பது வருஷம் ஒரே கூரைக்குக் கீழ இருந்தாங்க, நேருக்கு நேர் பேச்சே கெடையாது. "ஒங்கப்பாவ சாப்புட வரச் சொல்லு", "ஒங்கம்மாட்ட சொல்லு, நான் வெளில சாப்ட்டுட்டேன்", எல்லாம் புள்ளைங்க வழியா தபால். அந்தக் காலத்துல கோவிச்சுக்கிட்டு கெளம்பிப் போறதுக்கு ஒரு பொம்பளைக்கு எடம் எங்க இருந்துச்சு, கைல காசு எங்க இருந்துச்சு. வருஷத்த எண்ணி காதல அளக்குறவங்க மேல எனக்கு எப்பவும் ஒரு எரிச்சல் உண்டு, அறுபதாம் கல்யாண மேடைல ஒக்காந்துருக்க எல்லாரும் காதலர்கள் இல்ல.

இதப் பிரிச்சுப் பாக்க வசதியா ராபர்ட் ஸ்டெர்ன்பெர்க்ங்கிற அமெரிக்க சைக்காலஜிஸ்ட் 1986ல ஒரு முக்கோணம் போட்டுக் குடுத்தாரு. ஒரு மூலைல நெருக்கம், அதாவது மனசு விட்டுப் பேசுறது. இன்னொன்னுல ஆசை, ஒடம்பு சார்ந்த ஈர்ப்பு. மூணாவது மூலைல "இவங்களோடதான் இருக்கப் போறேன்"ங்கிற முடிவு. பஸ் ஸ்டாப் காதல்ல பெரும்பாலும் ஆசை மட்டும்தான். பெரிய பாட்டி வீட்ல முடிவு மட்டும்தான் மிச்சம், அதுக்கு அவரு வெச்ச பேரு வெறுங்காதல். நெருக்கமும் முடிவும் இருந்து ஆசை தணிஞ்சு போனா அது தோழமைக் காதல், வயசானவங்க நெறைய பேர் இந்த வகை. மூணும் சேந்தாதான் முழுக் காதல்ங்கிறாரு, அத அடையுறத விட கைல வச்சுக் காப்பாத்துறதுதான் கஷ்டம்னும் சொல்றாரு. முக்கோணம்னா ஏதோ கணக்கு மாதிரி தெரியும், பயப்படாதீங்க, மூணு மூலையும் ஏறி எறங்கிக்கிட்டே இருக்கும், நேத்து இருந்த வடிவம் இன்னைக்கு இருக்காது.

நம்மூர்ல இத பேசுனா லவ் மேரேஜா அரேஞ்ச்டு மேரேஜாங்கிற பட்டிமன்றம் வராம போகாது. 1982ல ஜெய்ப்பூர்ல உஷா குப்தா, புஷ்பா சிங்னு ரெண்டு பேர் 50 ஜோடிங்கள வச்சுப் பாத்தாங்க. லவ் மேரேஜ்காரங்களுக்கு ஆரம்பத்துல ஜாஸ்தியா இருந்த காதல் வருஷம் போகப் போக கொறஞ்சிருந்துச்சு, பெத்தவங்க பாத்து வச்சவங்களுக்கு கம்மில ஆரம்பிச்சு ஏறிக்கிட்டே போச்சு. இத வச்சு "பாத்தியா, பெரியவங்க சொன்னா கேளு"ன்னு பல பேர் கெளம்புனாங்க. ஆனா ரொம்ப வருஷம் கழிச்சு அமெரிக்காவுல வாழ்ற இந்தியர்கள்கிட்ட பாத்தப்ப ரெண்டு வகைக்கும் நடுவுல பெருசா வித்தியாசமே இல்ல. என்னைக் கேட்டா தொடங்குன விதத்துல பெருசா ஒண்ணும் இல்ல, சம்மதத்தோட தொடங்குச்சாங்கிறது மட்டும்தான் கணக்கு, மீதியெல்லாம் அதுக்கப்புறம் தெனமும் அந்த வீட்ல என்ன நடக்குதுங்கிறதுலதான்.

தெனமும் என்ன நடக்குது? இங்கதான் எனக்கு ரொம்பப் புடிச்ச எடம் வருது. ஜான் காட்மன்னு ஒரு ஆளு, சியாட்டில்ல இருக்க வாஷிங்டன் யுனிவர்சிட்டில ஒரு வீட்டு செட்டப்பையே லேப் ஆக்கிட்டாரு. அடுப்படி, சோஃபா, ஜன்னல் எல்லாம் இருக்கும், கூடவே கேமராவும் இருக்கும். புதுசா கல்யாணமான 130 ஜோடிங்கள அங்க ஒரு நாள் பூரா சும்மா இருக்கச் சொல்லிட்டு ரெக்கார்ட் பண்ணாரு. இவரு என்ன தேடுனாருன்னா, பெரிய காதல் வசனத்தையும் இல்ல பெரிய சண்டையையும் இல்ல. ஜன்னல் வழியா பாத்துக்கிட்டு "அங்க பாரேன், படகு போவுது"ன்னு புருஷன் சொல்றான்னு வைங்க, அந்தம்மா என்ன பண்ணுதுங்கிறத. இதுக்கு அவங்க பாஷைல பிட்னு பேரு, ஏலத்துல வெல கேக்குறதுக்கு சொல்வாங்கல்ல அதே வார்த்தை. நம்ம ஊர்ல இதுக்கு ஏற்கனவே நல்ல வார்த்தை இருக்கே, கொரல் குடுக்குறது. ஒருத்தர் கொரல் குடுத்தா இன்னொருத்தருக்கு மூணு வழிதான். திரும்பி "எங்க?"ன்னு கேக்கலாம், காதுல விழாத மாதிரி போன நோண்டலாம், இல்லன்னா "படகு போனா எனக்கென்ன, வேலைய பாரு"ன்னு கடிக்கலாம்.

ஆறு வருஷம் கழிச்சு அதே ஜோடிங்கள தேடிப் போனப்ப, இன்னும் ஒண்ணா இருந்தவங்க அன்னைக்கு அந்த லேப்புல 100 கொரலுக்கு 86 தடவ திரும்பிருந்தாங்க. டைவர்ஸ் ஆனவங்க 33 தடவ. படகு முக்கியமே இல்ல, "நான் இருக்கேன், நீ இருக்கியா?"ங்கிறதுதான் கேள்வி, படகு சும்மா சாக்கு. இத முதல் தடவ படிச்சப்ப எனக்கு ஞாபகம் வந்தது எங்க வீட்டு கரண்டுதான். பாட்டி சொன்னது சேதியே இல்ல, சேதின்னு நெனச்சு நான்தான் இத்தன வருஷம் சிரிச்சுக்கிட்டு இருந்துருக்கேன்.

சியாட்டிலுக்கு எதுக்குப் போகணும், குறுந்தொகைல 167வது பாட்டு, கூடலூர் கிழார் எழுதுனது. புதுசா கல்யாணம் பண்ணிப் போன பொண்ணு வீட்டுக்கு செவிலித்தாய் ஒரு எட்டு போய் பாத்துட்டு வந்து பெத்த தாய்கிட்ட சொல்றா. கட்டித் தயிரப் பெசஞ்ச கை, அத பொடவைலயே தொடச்சுக்கிட்டு மாத்தக் கூட நேரமில்லாம, தாளிக்கிற பொகை கண்ணுல ஏற ஏற அவளே கெளறி ஒரு புளிக்கொழம்பு வச்சிருக்கா. புருஷன் தின்னுட்டு நல்லாருக்குன்னு ஒரே வார்த்தை, "இனிது"ங்கிறான். அவ மொகம் லேசா மலந்துச்சு, அவ்ளோதான் பாட்டு. அந்த "லேசா"வத்தான் கவனிக்கணும், அவளும் துள்ளிக் குதிக்கல அவனும் கவிதை படிக்கல, வந்தவளுக்கு இவங்க நல்லா இருக்காங்கன்னு தெரிய அது போதுமா இருந்துச்சு.

சண்ட பத்தியும் காட்மன் சொன்ன ஒண்ண சொல்லிடுறேன், நெறைய பேருக்கு நிம்மதியா இருக்கும். ஜோடிங்களுக்குள்ள வர்ற சண்டைல 69 சதவீதம் தீரவே தீராத ரகம், ஆளோட சுபாவத்துலேர்ந்து வர்றது. எங்க தாத்தா அவரு தம்பிக்கு கைமாத்து குடுத்துட்டே இருப்பாரு, அது திரும்ப வராது, இத வச்சு பாட்டி போட்ட சண்டை எங்கப்பா பொறக்குறதுக்கு முன்னாடி ஆரம்பிச்சு தாத்தா படுக்கைல விழுற வரைக்கும் ஓடுச்சு. கதைய முடிச்சு வைக்கிறது சண்டை இல்ல, எளக்காரம். "ஒனக்கெல்லாம் என்ன தெரியும்"னு ஒதட்ட சுழிக்கிறது, நாலு பேர் முன்னாடி மட்டம் தட்டுறது, பிரிவுக்கு இத விட பெரிய அறிகுறி வேற எதுவும் இல்லன்னு அவரு சொல்றாரு. பெரிய பாட்டி வீட்ல சத்தம் போட்டு சண்டையே நடந்தது இல்லங்கிறதையும் இங்க சேத்துப் பாத்துக்கங்க.

இப்ப ரெண்டாவது பாதி, இது ஆள என்ன பண்ணும்.

ஆர்தர் ஆரன் ஒரு வெளையாட்டு மாதிரி டெஸ்ட் வச்சிருக்காரு. ரெண்டு வட்டம், ஒண்ணு நீங்க ஒண்ணு அவங்க. தள்ளித் தள்ளி நிக்கிற வட்டத்துலேர்ந்து கிட்டத்தட்ட ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கெடக்குற வட்டம் வரைக்கும் ஏழு படம், உங்க நெலம எதுன்னு ஒண்ண தொடணும். நாள் ஆக ஆக வட்டம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு போறப்ப அவங்க குணம், அவங்க ஆளுங்க, அவங்க ருசி எல்லாம் நம்ம கணக்குல சேந்துருது. தன் வட்டமே காணாமப் போற அளவுக்கு ஏறுனா அது வேற வில்லங்கம், அதுக்குள்ள இப்ப போக வேணாம்.

இதுல இன்னும் அழகானது ஒண்ணு, மைக்கேலாஞ்சலோ விளைவுன்னு பேரு. சிலை கல்லுக்குள்ள ஏற்கனவே இருக்கு, வேண்டாதத செதுக்கி எடுக்குறதுதான் சிற்பி வேலைன்னு அந்தாளு பேர்ல ஒரு பேச்சு உண்டு, அங்கேர்ந்து வந்த பேரு. ஸ்டீபன் ட்ரிகோடாஸ், கேரில் ரஸ்பல்ட் ரெண்டு பேரும் வேற சில பேரோட சேந்து 1999ல எழுதுனது. நாம யாரா ஆகணும்னு உள்ளுக்குள்ள ஆசப்படுறமோ அந்த ஆளா நம்மள ஏற்கனவே பாத்து, அதுக்கேத்த மாதிரி நடத்துற துணை கெடச்சா கொஞ்சம் கொஞ்சமா நாம அந்த ஆளாவே ஆயிடுறோம்ங்கிறாங்க. துணைக்கு என்ன வேணுமோ அப்படி நம்மள செதுக்குறது இல்ல இது, அது வேற, அதுக்குப் பேரு அதிகாரம்.

பாட்டி அஞ்சாவது வரைக்கும் படிச்சது. கல்யாணம் ஆகி வந்தப்ப எழுத்துக் கூட்டித்தான் படிக்குமாம். தாத்தா "எனக்குக் கண்ணு சரியில்ல, இந்தப் பேப்பர படி"ன்னு தெனமும் காலைல குடுப்பாராம், அது தட்டுத் தடுமாறி படிக்குமாம், அவரு கேட்டுட்டே இருப்பாராம். அப்புறம் கண்ணாடி போட்டாரு, போட்டப்புறமும் அவரு படிக்கல, பாட்டிதான் படிச்சுது. எனக்கு வெவரம் தெரிஞ்சப்ப தெருவுல பாதிப் பேருக்கு கடுதாசி எழுதிக் குடுக்குறது எங்க பாட்டிதான். இதுக்கு மேல அந்த விளைவ விளக்க எனக்குத் தெரியல.

ஒடம்புக்கும் இது எறங்கும். ஜேம்ஸ் கோன்னு ஒருத்தர் 2006ல, கல்யாணமான 16 பொம்பளைங்கள ஸ்கேன்ல படுக்க வச்சு "லேசா ஷாக் வைப்போம்"னு பயமுறுத்திட்டு மூளைய பாத்தாரு. யார் கையும் புடிக்காதப்ப ஒரு மாதிரி, முன்ன பின்ன தெரியாத ஆளு கைய புடிச்சப்ப ஒரு மாதிரி, புருஷன் கைய புடிச்சப்ப ஒரு மாதிரி. புருஷன் கை புடிச்சப்பதான் பயத்தோட அடையாளம் ரொம்பத் தணிஞ்சிருந்துச்சு, அதுலயும் நல்லா ஒத்துப் போற ஜோடிகளுக்கு இன்னும் ஜாஸ்தியா தணிஞ்சிருந்துச்சு. இதுக்கு மறுபக்கமும் இருக்கு. ஒஹாயோல ஜேனிஸ் கீகோல்ட் க்ளேசர் 42 ஜோடிங்களோட கைல சின்னச் சின்னக் கொப்புளம் உண்டாக்கி, ஆறுற வேகத்த அளந்தாங்க. 2005ல வந்துச்சு. ஒருத்தர ஒருத்தர் குத்திக் கொதறிப் பேசிக்கிட்ட ஜோடிங்களுக்கு, அமைதியா பேசிக்கிட்டவங்களோட வேகத்துல 60 சதவீதம்தான் காயம் ஆறுச்சு. வீட்ல தெனமும் கேக்குற பேச்சு தோலு வரைக்கும் போவுது.

கடைசியா ஞாபகம். இது எனக்கு ரொம்ப லேட்டா புரிஞ்ச விஷயம். டேனியல் வெக்னர்னு ஒரு சைக்காலஜிஸ்ட் 1985ல சொன்னது, ரொம்ப நாள் ஒண்ணா இருக்கவங்க ஞாபகத்தக் கூட பங்கு போட்டு வச்சுக்குவாங்கன்னு. ஒருத்தரே எல்லாத்தையும் தூக்கிச் சுமக்குறது இல்ல, "இது ஒன் டிபார்ட்மென்ட், அது என் டிபார்ட்மென்ட்"னு சொல்லாமலே பிரிஞ்சுரும். எங்க வீட்ல வருஷம், தேதி, நெலத்தோட சர்வே நம்பர், யாருக்கு எவ்ளோ குடுக்கணும் எல்லாம் தாத்தா. யாரு யாருக்கு என்ன மொறை, எந்தக் கல்யாணத்துல யாரு மூஞ்சத் தூக்குனாங்க, எந்தப் புள்ளைக்கு எந்த மருந்து ஒத்துக்காது எல்லாம் பாட்டி. கதை சொல்றப்ப ரெண்டு பேரும் சேந்துதான் சொல்வாங்க, பாட்டி பாட்டுக்கு சொல்லிட்டே வரும், வருஷம் வர்ற எடத்துல நிறுத்தி திண்ணை பக்கம் ஒரு பார்வை, அவரு எடுத்துக் குடுப்பாரு, மறுபடி ஓடும். அப்ப ஒருத்தர் போயிட்டா இன்னொருத்தர் துணைய மட்டும் எழக்குறது இல்ல, தன் மூளைல ஒரு பாதியும் சேந்து போயிருது. வயசானவங்க தொண போனப்புறம் சட்டுனு தடுமாறிப் போறதுக்கு இதுவும் ஒரு காரணம்னு எனக்குத் தோணுது.

தாத்தா 2018ல சித்திரைல போனாரு. அதே வருஷம் நவம்பர்ல கஜா புயல். விடிஞ்சு பாத்தா தென்னமரம் பூரா படுத்துக் கெடக்கு, கொல்லைல இருந்த வேப்ப மரம் வேரோட வெளில. பேரப் புள்ளைங்களச் சுத்தி வச்சுக்கிட்டு பாட்டி பழைய புயல் கதைய ஆரம்பிச்சுது, ஒங்கப்பன இடுப்புல வச்சுக்கிட்டு பள்ளிக்கூடத்துல போய் ஒண்டுனோம், மாடு அடிச்சுக்கிட்டுப் போச்சுன்னு. "அது எந்த வருஷம்னா..."ன்னு சொல்லி நிறுத்திட்டு திண்ணை பக்கம் பாத்துச்சு. நாங்களும் பாத்தோம். அது 1977, நாகப்பட்டினம் பக்கம் கரையேறுன புயல், ஐப்பசி கடைசி, எனக்கே தெரியும், தாத்தா வாயால எத்தன தடவ கேட்டுருக்கேன், ஆனா அந்த நேரத்துல எடுத்துக் குடுக்க வாய் வரல. பாட்டி வருஷம் இல்லாமலே கதைய முடிச்சுது.

கஜாவுக்கு அப்புறம் எங்க ஊருக்கு கரண்ட் வர ரொம்ப நாளாச்சு. வந்த அன்னைக்கு சாயங்காலம் அடுப்படிலேர்ந்து "ஏங்க, கரண்ட் வந்துருச்சு"ன்னு கொரல் வந்துச்சு. திண்ணைல எங்க சித்தப்பா இருந்தாரு. கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "ஆமாம்மா, வந்துருச்சு வந்துருச்சு"ன்னாரு.